ஓர் இரவைத் தாங்கும் வீடு

(கட்டடக்கலை வரலாறு குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவாக ஆற்றிய உரையின் திருத்திய வடிவம். பேச்சின் நடுவே காட்டிய படங்களுக்கான விளக்கங்களும் சில கிளைச் செய்திகளும் இங்கே விடப்பட்டுள்ளன.)



தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டிருந்தீர்கள். கோட்டைகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று கேள்விப்பட்டு, செஞ்சியையோ வேலூரையோ எதிர்பார்த்து வந்தவர்கள் இந்த அவையில் இருக்கக்கூடும். அவற்றைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது ஸ்காட்லாந்தின் தென் எல்லைப் பகுதியில், கெல்சோ என்ற ஊருக்கு மேற்கே, ஒரு பாறைக்குன்றின்மேல் தனியே நிற்கும் கல்வீடு. அதன் பெயர் ஸ்மெயில்ஹோம். சுமார் 20 மீட்டர் உயரம், இரண்டு மீட்டருக்குக் குறையாத சுவர்த் தடிப்பு, ஒரே ஒரு வாசல். 15ஆம் நூற்றாண்டில் பிரிங்கிள் என்ற குடும்பத்தார் கட்டியது.

நான் முதன்முறை அங்கே போனது ஒரு செப்டம்பர் மாலை. சாண்டினோ என்ற பண்ணையைக் கடந்து, குன்றின் அடியில் கிடக்கும் சிறு குளத்தை ஒட்டி நடந்தேன். காற்று அப்படியொரு வேகம். கண்ணில் முதலில் பட்டது சுவர்தான். எல்லோரையும் போல நானும் குறிப்பேட்டில் ‘கோட்டை’ என்று எழுதினேன். உள்ளே ஏறி இறங்கி, அறைகளை அளந்து, மறுநாளும் போய்ப் பார்த்தபிறகு அந்தச் சொல்லை அடித்துவிட்டு ‘வீடு’ என்று எழுதினேன். இந்த உரை அந்த ஒரு திருத்தத்தின் விரிவு.

முதலில் பெயர். ஆய்வாளர்கள் இவ்வகைக் கட்டடத்தை ‘டவர் ஹவுஸ்’ என்பார்கள். அது பிற்காலத்தார் வைத்த பெயர். அந்தக் காலத்து நிலப் பத்திரங்களில் ‘டவர்’ என்றும் ‘ஃபோர்டலிஸ்’ என்றும், பல இடங்களில் ‘டவர், ஃபோர்டலிஸ், மேனர் பிளேஸ்’ என்று மூன்றையும் ஒரே மூச்சிலும் எழுதினார்கள். கோபுரம், சிறுகோட்டை, பண்ணையார் வீடு. மூன்றும் ஒன்றாகவே இருந்தன. எழுதியவர்களுக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. நான் இன்று ‘கோபுர வீடு’ என்ற சொல்லை ஆள்கிறேன். கோபுரம் என்றதும் நமக்குக் கோயில் வாசல்தான் நினைவுக்கு வரும். ஒரு மணி நேரம் அந்தப் படத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அறைகளை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்.

இந்த வீடுகளைப் பற்றிய ஆய்வுக்கு அடித்தளம் போட்டவர்கள் டேவிட் மெக்கிப்பன், தாமஸ் ராஸ் என்ற இரண்டு கட்டடக்கலைஞர்கள். 1887 முதல் 1892 வரை ஐந்து தொகுதிகளாக அவர்கள் வெளியிட்ட நூல் இன்றும் மேசைமேல் இருக்கவேண்டிய நூல். நாடெங்கும் அலைந்து, அளந்து, வரைந்து, தளவடிவத்தை வைத்துக் காலம் கணித்தார்கள். அவர்களுக்குப் பின் வந்த பலர் அந்த வடிவங்களைத் தற்காப்பு என்ற ஒரே கோணத்தில் பார்த்தார்கள். 2001இல் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் சார்லஸ் மெக்கீன் எதிர்த்திசையில் வாதிட்டார். 16, 17ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள் மறுமலர்ச்சிக் கால மாளிகைகளே; துப்பாக்கித் துளையும் மூலைக் கொத்தளமும் பெரும்பாலும் குலப்பெருமையின் அடையாளங்களே என்பது அவர் கட்சி. ஒரு தரப்பு போர் என்கிறது, மறு தரப்பு பெருமை என்கிறது. இருவரிடமும் நான் கற்றிருக்கிறேன். ஆனால் இருவரும் கேட்காத கேள்வி ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தச் சுவர் எவ்வளவு நேரம் தாங்கவேண்டும் என்று கட்டியவர் நினைத்தார்?

என் விடை இது. எல்லைப்புறக் கோபுர வீடு முற்றுகையைத் தாங்கக் கட்டியதல்ல. ஓர் இரவைத் தாங்கக் கட்டியது. அதன் வாசல், கூரை வளைவு, படிக்கட்டு, முற்றம் எல்லாம் அந்த ஓர் இரவின் கணக்குக்குள் அடங்கும். இதை ஆறு குறிப்புகளாகச் சொல்கிறேன்.

1. மதில் கட்டாயம், கோபுரம் விருப்பம்

1535ஆம் ஆண்டு, ஐந்தாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. எல்லைப் பகுதியிலும் அதை அடுத்த உள்நாட்டிலும் நூறு பவுண்டு மதிப்புள்ள நிலம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு ‘பார்ம்கின்’ ஒன்றைக் கட்டவேண்டும். பார்ம்கின் என்பது மதில் சூழ்ந்த முற்றம். ஆபத்து வரும்போது மாடுகளை உள்ளே ஓட்டி அடைக்கும் கல்தொழுவம் என்று வைத்துக்கொள்ளலாம். அளவையும் சட்டமே சொல்கிறது: பக்கத்துக்கு 60 அடி, சுவர் ஒரு ‘எல்’ தடிப்பு, ஆறு எல் உயரம். ஸ்காட்லாந்து எல் 37 அங்குலம். ஆக, 18 மீட்டர்ச் சதுரமும் ஐந்தரை மீட்டருக்கு மேல் உயரமும் கொண்ட மதில். யாருக்காக என்பதும் சட்டத்தில் இருக்கிறது. நிலக்கிழாருக்கும் அவருடைய குடியானவர்களுக்கும் அவர்கள் உடைமைகளுக்கும் கலகக் காலத்தில் அடைக்கலமாக. இரண்டு ஆண்டுகளுக்குள் வேலை முடியவேண்டும்.

சரி, கோபுரம்? அதைப் பற்றியும் ஒரு தொடர் வருகிறது. முற்றத்துக்குள் தனக்கென ஒரு கோபுரம் வேண்டுமென்று அவருக்குத் தோன்றினால் கட்டிக்கொள்ளலாம்.

இந்தச் சட்டத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த ‘தோன்றினால்’ என்பதில்தான் நிற்கிறேன். இன்று நாம் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறோம். அதைச் சுற்றி இடிந்து கிடக்கும் முழங்கால் உயரக் கற்களைத் தாண்டிப் போய்விடுகிறோம். சட்டம் இயற்றியவர்களுக்கு முதன்மையானது அந்த இடிந்த மதில்தான். ஏனென்றால் வருபவன் தேடி வந்தது நிலக்கிழாரின் உயிரை அல்ல, மாட்டை.

2. வந்தவர்கள் யார்

ஸ்காட்லாந்து, இங்கிலாந்து இரண்டின் எல்லை நிலமும் ‘மார்ச்’ எனப்பட்டது. இரு நாடுகளும் தத்தம் பக்கத்தைக் கிழக்கு, நடு, மேற்கு என மூன்று மார்ச்சுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்டனை அமர்த்தியிருந்தன. நடைமுறையில் அங்கே அதிகாரம் குடும்பங்களின் கையில் இருந்தது. ஆம்ஸ்ட்ராங், எலியட், கெர், ஸ்காட் என்று ஸ்காட்லாந்துப் பக்கம். சார்ல்டன், ராப்சன், ஃபென்விக் என்று அந்தப் பக்கம். கிரகாம்கள் இரண்டு பக்கமும். ‘ரீவர்’ எனப்பட்ட இவர்களின் தொழில் மாடு பிடிப்பது. ஸ்காட்லாந்துக்காரன் இங்கிலாந்துக்காரனிடம் மட்டும்தான் பிடித்தான் என்று எண்ணவேண்டாம். பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருந்த சொந்த நாட்டவனிடமும் பிடித்தான்.

நம் புறத்திணை மரபில் பயின்றவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மீட்கப் போனால் கரந்தை. எல்லைப்புறத்தாரிடம் கரந்தைக்கும் ஒரு சட்டப்பெயர் உண்டு: ‘ஹாட் ட்ராட்’. மாட்டைப் பறிகொடுத்தவர் ஆறு நாட்களுக்குள் எல்லை தாண்டியும் துரத்தலாம். மோப்ப நாயும் ஊதுகொம்பும் உண்டு. ஈட்டி முனையில் எரியும் கரிமண் கட்டி ஒன்றைக் குத்தி எடுத்துச் செல்வார்கள், ‘நாங்கள் திருட வரவில்லை, மீட்க வருகிறோம்’ என்பதற்கு அடையாளமாக. வழியில் இருக்கும் அயலார் கூடச் சேர்ந்து துரத்தக் கடமைப்பட்டவர்கள்.

சூறையின் பருவம் அறுவடைக்குப் பிந்தியது. இரவு நீளம், கோடையில் மேய்ந்த மாடு கொழுத்திருக்கும், குதிரையும் திடமாயிருக்கும். மாலையில் புறப்பட்டு, இருட்டில் மலைக்கணவாய் கடந்து, மாட்டை ஓட்டிக்கொண்டு விடியுமுன் திரும்பவேண்டும். மாடு மெதுவாக நடக்கும் என்பதை மறக்காதீர்கள். ஒரு வீட்டின் முன் நின்று செலவழிக்கிற ஒவ்வொரு நாழிகையும் பின்னால் வரப்போகிற நாய்களை நெருங்கச் செய்யும். ஊதுகொம்புச் சத்தம் கேட்டுவிட்டால் பள்ளத்தாக்கு முழுவதும் எழுந்துவிடும்.

எனவே தாக்க வந்தவனிடமே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் செய்யவேண்டியது அந்தக் கடிகாரம் முடியும்வரை கதவு திறக்காமல் பார்த்துக்கொள்வது. அவ்வளவே. அதற்கு வசதியில்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருந்தது. ஆங்கிலத்திலிருந்து நாமும் எடுத்துக்கொண்ட ‘பிளாக்மெயில்’ என்ற சொல் இந்த எல்லை நிலத்தில் பிறந்தது. ‘மெயில்’ என்றால் அங்கே வாடகை, குத்தகை. சூறையாடாமல் விடுவதற்காகக் கொடுத்த கறுப்புக் குத்தகை அது. மதில் எழுப்ப வசதியில்லாதவர்கள் அதைக் கொடுத்து இரவைக் கடத்தினார்கள்.

3. வாசலிலிருந்து கூரைவரை

இப்போது ஸ்மெயில்ஹோமுக்குள் போவோம். இந்தக் குறிப்பில் கொஞ்சம் தங்கிப் பேச எனக்கு அனுமதி தாருங்கள்.

வாசல் தரைமட்டத்தில், தெற்குச் சுவரில் இருக்கிறது. அகலம் குறைவு. இவ்வகை வீடுகளில் வாசலுக்கு இரண்டு கதவு. வெளியே மரக்கதவு, உள்ளே ‘யெட்’ என்ற இரும்புக் கிராதி. யெட்டைப் பார்க்காமல் ஸ்காட்லாந்துக் கொல்லர்களைப் பற்றிப் பேசக்கூடாது. சாதாரணக் கிராதியில் ஒரு கம்பியின்மேல் இன்னொன்றை வைத்து ஆணி அறைவார்கள். யெட்டில் கம்பிகள் ஒன்றையொன்று ஊடுருவிச் செல்கின்றன. கதவை நான்கு காற்பகுதிகளாக எண்ணிக்கொள்ளுங்கள். எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டு பகுதிகளில் கிடைக்கம்பியின் துளை வழியாக நெடுங்கம்பி போகும். மற்ற இரண்டில் நெடுங்கம்பியின் துளை வழியாகக் கிடைக்கம்பி போகும். கூடை முடைவதுபோல இரும்பை முடைந்திருக்கிறார்கள். எந்தக் கம்பியையும் தனியே உருவ முடியாது. மரக்கதவு எரிந்து விழுந்தாலும் உள்ளே இது நிற்கும், கடப்பாரைக்கு அசையாது.

தீதான் முதல் பகை. சூறையாடுபவர்கள் வாசலில் ஈரவைக்கோலைக் குவித்துக் கொளுத்துவார்கள். புகை படிக்கட்டு வழியே ஏறி உள்ளிருப்பவர்களை மூச்சுமுட்டச் செய்யும். அதற்கு எல்லைப்புறத்தில் தனிச் சொல்லே இருந்தது, ‘ஸ்கம்ஃபிஷ்’ என்று. இதற்குக் கட்டடத்தின் மறுமொழி அடித்தளத்தின் வில்வளைவுக் கூரை. அடித்தளம் சாமான் அறை. அதற்குமேல் மரத்தளம் போடாமல் கல்லால் வளைவு கட்டிவிட்டால், கீழே பிடித்த தீ மேலே ஏறாது. ஸ்மெயில்ஹோமில் அந்த வளைவுக்குள்ளேயே ஒரு மரப்பரண் போட்டு இரண்டு அடுக்காகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அங்கே வெளிச்சம் வர ஒடுங்கிய சுவர்ப்பிளவுகள் மட்டும்.

மூலையில் சுழற்படி. கல்லில் செதுக்கிய ஒவ்வொரு படியும் நடுவில் ஓர் உருளையாக முடிந்து, அடுத்த படியின் உருளைமேல் உட்கார்ந்து, தூணாகவே வளர்ந்துவிடும். படிகள் வலமாகச் சுற்றுவது மேலிருந்து போரிடுபவனின் வாள்கைக்கு இடம் தருவதற்காக என்று பல சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. எதிரி படிக்கட்டுக்கு வந்துவிட்டால் அந்த வீடு தோற்றுவிட்டது. வாளோடு ஆட்கள் நிற்க இடமில்லாத அந்த ஒடுக்கத்தில், கொத்தனார் பார்த்தது கல்லின் சிக்கனத்தையும் சுவரின் பலத்தையும்தான். மரப்படி வைக்காமல் கல்படி வைத்தார் என்பதே எனக்கு முக்கியம். அது எரியாது.

முதல் தளத்துக்கு ஏறினால் வீடு மாறுகிறது. இதுதான் ‘ஹால்’, பெருங்கூடம். கணப்படுப்பு. ஜன்னலின் உள்மாடத்தில் இரண்டு பக்கமும் எதிரெதிராகக் கல்லிருக்கைகள். இரண்டு பேர் வெளிச்சத்தில் முழங்கால் முட்ட உட்கார்ந்து தையல் வேலையோ பேச்சோ நடத்தலாம். சுவர்த் தடிப்புக்குள்ளேயே குடைந்த கழிப்பறை. இரண்டு மீட்டர் சுவர் என்றால் நாம் பீரங்கியை நினைக்கிறோம். வீட்டுக்காரர் அந்தத் தடிப்பைக் கழிப்பறைக்கும் ஜன்னலிருக்கைக்கும் படிக்கட்டுக்கும் பகிர்ந்து கொடுத்திருக்கிறார். வெளியே தனி அறைகளாக நீட்ட முடியாதவற்றைச் சுவருக்குள் அடக்கியிருக்கிறார். இதற்கும்மேல் குடும்பத்தின் படுக்கையறை. அதற்கும்மேல் இன்னொரு அறை. உயரம் கூடக்கூட ஜன்னல் பெரிதாகிறது. ஏணி எட்டாத உயரத்தில் அச்சம் குறைகிறது, வெளிச்சம் கூடுகிறது. இந்த ஒரு கணக்கைச் சுவரின் வெளிமுகத்தைப் பார்த்தே படித்துவிடலாம்.

இங்கே இன்னொன்றும் சொல்லவேண்டும். தரையில் பரந்து கிடக்கவேண்டிய ஒரு குடும்பத்தின் வாழ்வை நெடுக நிமிர்த்தி வைத்தது இந்த வீடு. சாமான் அறை, அதன்மேல் பலரும் கூடும் கூடம், அதன்மேல் தனியறை. வெளியாள் எந்தப் படிவரை வரலாம் என்பதே அவருடைய தகுதியைச் சொல்லிவிடும். கூடத்தில் உணவு மட்டுமல்ல, வழக்கும் நடந்தது. நிலக்கிழாருக்குத் தன் நிலத்தில் நீதி வழங்கும் பரம்பரை உரிமை இருந்தது. 1747இல் சட்டம் அதைப் பெருமளவு பறிக்கும்வரை நீடித்தது. குடியானவருக்கு இந்தக் கோபுரம் அடைக்கலமும் அதிகாரமும் சேர்ந்த ஒன்று. எந்த நாளில் எது முன்னே நிற்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

கூரைமேல் வருவோம். வடபுறமும் தென்புறமும் சுவர்மேல் நடைபாதை. வடபுற நடைபாதையில், புகைபோக்கியை ஒட்டி, காவல்காரருக்கு ஒரு கல்லிருக்கை. பக்கத்தில் அவருடைய விளக்கு வைக்க ஒரு மாடம். முதன்முறை அதைக் கண்டபோது நான் வெகுநேரம் அங்கேயே நின்றேன். கீழே கூடத்தில் எரியும் அடுப்பின் சூடு கல்வழியே முதுகுக்கு வரும் இடம் பார்த்து அந்த இருக்கையை வைத்திருக்கிறார்கள். கூரையில் பீரங்கிமேடை இல்லை. விழித்திருக்கும் ஒரு மனிதருக்குக் குளிராமல் உட்கார இடம் இருக்கிறது. இந்த வீட்டின் உண்மையான ஆயுதம் அந்த மனிதர்தான். அவர் நேரத்தோடு கண்டுவிட்டால் மாடு முற்றத்துக்குள் வரும், கதவு அடைபடும், மற்றதை இரவு பார்த்துக்கொள்ளும்.

4. படை வந்தால்?

படை வந்தால் இந்த வீடு தாங்காது. அதை எல்லைப்புறத்தார் அறிந்தேயிருந்தார்கள்.

ஒப்பிட த்ரீவ் கோட்டையை எடுத்துக்கொள்கிறேன். தென்மேற்கே, டீ ஆற்றின் நடுவே ஒரு தீவில், 1370களில் ‘கடுமுகத்தான்’ என்று பெயர் பெற்ற ஆர்ச்சிபால்ட் டக்ளஸ் கட்டிய பெருங்கோபுரம். 1455இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் டக்ளஸ் குலத்தை ஒழிக்கப் பீரங்கிகளோடு வந்தபோது அது இரண்டு மாதத்துக்கும் மேல் தாங்கியது. கடைசியில் உள்ளிருந்த காவற்படைக்குப் பணமும் சலுகையும் கொடுத்தே வழிக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அங்கே தாங்கியது வெறும் கோபுரமா? சுற்றிலும் ஆறு. கோபுரத்தின் முன்னே பீரங்கியை எதிர்கொள்ளவென்றே அண்மையில் கட்டிய, மூன்று வட்டக் கொத்தளங்கள் கொண்ட தாழ்மதில். உள்ளே கூலிபெற்ற வீரர்கள். பிரிங்கிள்களிடம் இவற்றில் ஒன்றும் இல்லை.  

1545 செப்டம்பரில் எட்டாம் ஹென்றியின் தளபதி ஹார்ட்ஃபர்ட் பிரபு எல்லைப்புறத்தை அழித்து, அழித்தவற்றுக்கு ஒரு பட்டியலும் அனுப்பினார்: 7 துறவு மடங்கள், 16 கோட்டைகளும் கோபுரங்களும், 5 சந்தை ஊர்கள், 243 கிராமங்கள், 13 ஆலைகள், 3 மருத்துவச் சாலைகள். பட்டியலின் பெரும் எண் எது என்று பாருங்கள். கல்லில் கட்டியவர்கள் 16 இடத்தை இழந்தார்கள். மண்ணிலும் கூரைப்புல்லிலும் கட்டியவர்கள் 243 இடத்தை இழந்தார்கள்.

பெரும்படை வருகிறது என்று தெரிந்தால் வீட்டுக்காரர்கள் வீட்டைவிட்டு மலைக்குப் போய்விடுவார்கள். போகுமுன் உள்ளே கரிமண்ணைக் குவித்து, தணலாகக் கனியவிட்டுப் போவதும் உண்டு. நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும் வீட்டுக்குள் வெடிமருந்துப் பீப்பாயைக் கொண்டுபோய் வைக்க எவனுக்கும் துணிவு வராது. படை போனபின் திரும்பி வந்து, மரத்தளங்களைப் புதிதாகப் போட்டுக்கொண்டால் போதும், கல் நின்றிருக்கும். இது வீரம் என்று சொல்லக்கூடியதல்ல. வீட்டின் மதிப்பை அறிந்தவர்களின் செயல். ஸ்மெயில்ஹோமின் பிரிங்கிள்கள் 1513இல் ஃபிளாடன் போரில் மகன்களைப் பறிகொடுத்தார்கள், 1540களில் திரும்பத் திரும்பச் சூறைக்கு ஆளானார்கள். ஆனாலும் அடுத்த நூற்றாண்டுவரை வீடு அவர்களிடமே இருந்தது.

5. கோபுரம் தனியாக நின்றதில்லை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1979 முதல் 1981 வரை ஸ்மெயில்ஹோமின் முற்றத்தில் அகழாய்வு நடந்தது. கோபுரத்தின் மேற்கே, முற்றத்தின் ஒரு பக்கம் இன்னொரு கூடமும் எதிர்ப்பக்கம் சமையலறையும் இருந்த அடித்தளங்கள் வெளிப்பட்டன. அதாவது பகல் வாழ்க்கை பெரும்பாலும் கீழே, முற்றத்தில் நடந்தது. சமையல், விருந்து, கொடுக்கல் வாங்கல் எல்லாம் தரையில். கோபுரம் குடும்பத்தின் தனியிடம், இரவின் இடம். பிற்காலத்தில் தாழ்ந்த கட்டடங்களின் கல்லை யாரும் எடுத்துக்கொண்டு போகலாம். 20 மீட்டர் உயரச் சுவரைப் பெயர்ப்பது எளிதல்ல. எஞ்சி நிற்பதை மட்டும் வைத்து, முழுவீடும் அதுவே என்று நாம் ஏமாந்தோம். நம் மாணவர்கள் எந்த நாட்டின் கட்டடத்தை ஆய்ந்தாலும் இந்தப் பிழைக்கு விழிப்பாக இருக்கவேண்டும்.

6. இரவின் அச்சம் தீர்ந்தபின்

1603இல் ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசரானார். எல்லை எல்லையாக இருப்பது நின்றது. ரீவர்களை அரசு கடுமையாக ஒடுக்கியது. தூக்குமரமும் நாடுகடத்தலும் தாராளமாக நடந்தன. 1606இல் எல்லைப்புற வீடுகளின் இரும்பு யெட்டுகளைக் கழற்றி, உருக்கி, ஏர்க்கொழுவாக அடிக்கவேண்டும் என்று அரசின் ஆலோசனைக் குழு ஆணையிட்டது. நான் முன்பு விவரித்த அந்த முடைந்த இரும்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதைக் கழற்றச் சொன்ன நாளில் கோபுர வீட்டின் வேலை முடிந்தது.

ஆனால் கோபுரம் கட்டுவது நிற்கவில்லை. இங்கேதான் மெக்கீன் சொன்னதற்கு நான் தலைவணங்குகிறேன். மாற்றம் 1603க்கு முன்பே தொடங்கிவிட்டது. டண்டீ நகருக்கு அருகே கிளேபாட்ஸ் என்ற வீடு. கல்லிலேயே 1569, 1588 என்று ஆண்டுகள் பொறித்திருக்கின்றன. நடுவே நீண்டசதுரக் கட்டடம், எதிரெதிர் மூலைகளில் இரண்டு உருண்டைக் கோபுரங்கள். மேலே போகும்போது அந்த உருண்டைமேல் தாங்குகற்களை நீட்டி, சதுரமான அறைகளை ஏற்றி வைத்திருக்கிறார்கள். கீழே சுற்றிலும் அகன்ற வாயுள்ள துப்பாக்கித் துளைகள். அவற்றில் ஒன்று சமையலறை அடுப்பின் பின்சுவரில் இருக்கிறது. உணவு கொதிக்கும்போது அந்தத் துளையருகே யார் போய் நிற்பது? நான்கு திசையையும் காக்கும் ஒழுங்கு வெளியே தெரியவேண்டும் என்பதில் கட்டியவருக்கு அக்கறை இருந்தது. காவலின் தோற்றம் காவலைவிட முந்திக்கொண்டது.

அந்தத் தோற்றம் முழுமை பெற்றது வடகிழக்கே, அபர்டீன்ஷயரின் கிரெய்கிவாரில். மார்ட்டிமர் குடும்பம் முடிக்காமல் விட்ட கட்டடத்தை 1610இல் வாங்கி, 1626இல் முடித்தவர் வில்லியம் ஃபோர்ப்ஸ். பால்டிக் கடல் வணிகத்தில் பொருளீட்டியவர். ‘டான்சிக் வில்லி’ என்றே ஊர் அவரை அழைத்தது. கீழ்ப்பாதி முழுக்க அணியில்லாத சுவர். மேல்பாதியில் சிறுகோபுரங்களும் கூம்புக் கூரைகளும் தாங்குகல் வரிசைகளும் ஒன்றை ஒன்று நெருக்கி மலர்கின்றன. கூடத்தின் விதானத்தில் சுதைவேலை, கணப்படுப்பின்மேல் அரச முத்திரை. வாசலில் யெட் மட்டும் அப்படியே இருக்கிறது. ஸ்மெயில்ஹோமில் மேலே போகப்போக அச்சம் குறைந்தது. கிரெய்கிவாரில் அச்சமே இல்லை, அது விட்டுச்சென்ற வடிவம் இருக்கிறது. ஸ்காட்லாந்துக் கொத்தனார்கள் கட்டியவற்றில் இதைவிட அழகானதை நான் கண்டதில்லை.

அதன் வெளிப்பூச்சைப் பற்றியும் ஒரு சொல். ‘ஹார்லிங்’ என்று பெயர். சுண்ணாம்புக் காரையோடு பொடிக்கல்லைச் சேர்த்துச் சுவர்மேல் வீசி அடிப்பது. சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். 20ஆம் நூற்றாண்டில் சிமென்ட் கலந்து பூசிய சுவர்களில் ஈரம் உள்ளேயே தங்கிக் கல்லைக் கெடுத்தது. அதைப் பெயர்த்துவிட்டு மீண்டும் சுண்ணாம்புக்கே வந்தார்கள். 1963 முதல் கிரெய்கிவாரைப் பாதுகாக்கும் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை, இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பூச்சைப் புதுப்பித்து 2024இல் அதை மறுபடி திறந்தது. பழைய கட்டடத்தில் சிமென்டைத் தொடாதீர்கள் என்று நான் வகுப்பில் ஓயாமல் சொல்வதற்குக் கிரெய்கிவார் ஒரு சான்று.

மீண்டும் ஸ்மெயில்ஹோம். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் அது ஹார்டன் ஊர் ஸ்காட் குடும்பத்துக்குக் கைமாறியது. அவர்கள் முற்றத்துக் கூடத்தை எடுத்துவிட்டு ஒரு சிறிய மாடிவீடு கட்டினார்கள். 18ஆம் நூற்றாண்டில் குன்றை விட்டே இறங்கி, கீழே சாண்டினோ பண்ணைக்குப் போய்விட்டார்கள். அந்தப் பண்ணையைக் குத்தகைக்கு வைத்திருந்த ஓர் உறவினர் வீட்டுக்கு 1773இல் எடின்பரோவிலிருந்து ஒரு பேரக்குழந்தையைக் கொண்டுவந்தார்கள். இளம்பிள்ளை வாதத்தில் வலக்கால் விளங்காமல் போன குழந்தை. கிராமத்துக் காற்றில் தேறட்டும் என்று. அதைப் புல்வெளியில் ஆடுகளுக்கு நடுவே படுக்கவைப்பார்கள். அண்ணாந்தால் தெரிவது இந்தக் கோபுரம். அத்தை ஜேனட் சூறைக் காலத்துக் கதைகளையும் பாட்டுகளையும் சொன்னார். குழந்தையின் பெயர் வால்டர் ஸ்காட். எல்லைப்புறக் கதைப்பாடல்களைத் தொகுத்து 1802இல் அவர் வெளியிடத் தொடங்கிய நூலுக்கும், கோபுரமும் கொத்தளமுமாக அவர் கட்டிக்கொண்ட ஆபட்ஸ்ஃபர்ட் மாளிகைக்கும் விதை இங்கே விழுந்தது. அந்த மாளிகையைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து முழுவதும் புதுக்கோபுரங்கள் எழுந்தன. மாடு திருட வருபவன் எவனும் இல்லாத ஊர்களில்கூட.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் யாராவது ஒருநாள் ஸ்மெயில்ஹோமுக்குப் போனால், குளக்கரையில் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். முதலில் இடிந்த முற்றத்து மதிலைக் காலடியால் அளந்து பாருங்கள். பிறகு வாசலில் தொடங்கிப் படியேறுங்கள். கூரையின் வடபுற நடைபாதையில் புகைபோக்கி ஓரம் அந்தக் கல்லிருக்கை இன்றும் இருக்கிறது, விளக்கு மாடமும் இருக்கிறது. அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.